எழுவைதீவில் மாட்டிக்கொண்ட இராச்சியம்

கடந்த கிழமை எங்கள் இராச்சியம் எழுவைதீவில் மாட்டிக்கொண்டது.

வாசகர்கள் பதற்றப்பட வேண்டாம். கோட்டைகள், துறைமுகம், குதிரைப்படை, பாதி கட்டிய ஒரு பேராலயம், கலியாணத்துக்குக் காத்திருக்கும் இளவரசிகள் — எல்லாமே சுண்டுவிரல் அளவான ஒரு பென்டிரைவுக்குள் பத்திரமாக இருந்தன. பென்டிரைவ் அன்ரனிடம் இருந்தது. அன்ரன் எழுவைதீவில் இருந்தார். நான் சரவணையில் இருந்தேன். இடையில் கடல்.

"கடல் சரியில்லை, சேர்," என்றார் அன்ரன், போனில். "படகு ஒண்டும் ஓடேல்லை. காத்தெண்டா... அப்பிடியொரு காத்து!"

நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். முற்றத்து முருங்கையில் ஓர் இலைகூட அசையவில்லை.

இருக்கட்டும். சரவணையில் காற்று இல்லையென்றால் எழுவைதீவிலும் இருக்கக்கூடாது என்று சட்டமா, என்ன? "அவசரமில்லை, அன்ரன். கடல் அடங்கட்டும்," என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

எந்த இராச்சியம், எதற்குப் பென்டிரைவ் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

இந்தப் பத்தியை வாசிப்போரில் பலர் என்னைப் போன்ற ஓய்வூதியகாரர். கணினி விளையாட்டு என்பது பேரப்பிள்ளைகளைக் கண்டிப்பதற்கு உதவும் ஒரு விடயம் என்பதே அவர்களின் நிலைப்பாடு. என் நிலைப்பாடும் அதுவாகத்தான் இருந்தது — நானே ஓர் அரசனாகும்வரை.

களம் மத்தியகால ஐரோப்பா. நீங்கள் அரசர். வரி விதிக்கலாம். கோட்டை கட்டலாம். மகளை அயல்நாட்டில் கட்டிக்கொடுக்கலாம். சம்பந்தியின் நாட்டையே மறுவருடம் பிடிக்கலாம். பாப்பரசருக்கு மட்டும் பயப்பட வேண்டும். அவர் கோபித்தால் உங்களைத் திருச்சபையிலிருந்து விலக்கிவிடுவார். அதன்பின் அயலவர் அனைவரும் மிகுந்த பக்தியுடன் உங்கள்மீது படையெடுப்பார்கள்.

சாதாரணமாக இதை ஒருவர் தனியே இருந்து ஆடுவார். நாங்கள் முறைவைத்து ஆடுகிறோம். ஒருவர் விளையாட்டுக் கணக்கில் பத்து வருடம் ஆள்வார். பிறகு அந்த நிலையை அப்படியே சேமித்து அடுத்தவரிடம் ஒப்படைப்பார். அடுத்தவர் கிடைத்ததை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். முன்னவரின் பாவமும் புண்ணியமும் அவர் தலையில். ஒரே நாடு, நான்கு மூளை!

தொடக்கியவர் என் மனைவி மங்கை. இரசாயனம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். விடுமுறைக்கு வந்த பழைய மாணவி ஒருத்தி மடிக்கணினியில் இந்த விளையாட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். அதன்பின் எங்கள் வீட்டு மதிய நேரங்கள் மாறிவிட்டன. நான் ஓர் அறையில் இருந்து இந்தப் பத்தியை எழுதுவேன். மற்ற அறையிலிருந்து மங்கையின் குரல் கேட்கும். "வாரும், வாரும். உமக்கு இண்டைக்கு இருக்கு!" எதிரி அரசனையும் அவர் 'நீர்' என்றே விளித்தார். ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை. மரியாதையாகத்தான் தலையை வெட்டுவார்.

மற்ற இருவரையும் அவரே சேர்த்துக்கொண்டார். ஒருவர் அன்ரன். எழுவைதீவில் கடற்றொழில் செய்பவர். எங்களுக்கு மீன் கொண்டுவருபவர். பிரான்சுக்குப் போன மகன் விட்டுச்சென்ற மடிக்கணினியில் இவரும் இரகசியமாக இதே விளையாட்டைத்தான் ஆடிக்கொண்டிருக்கிறார் என்பது ஒருநாள் எங்கள் குசினி வாசலில் வெளிப்பட்டது. அன்று மீன் பழுதாகும்வரை இருவரும் குதிரைப்படை பற்றிக் கதைத்தார்கள். மற்றவர் கமலி. புங்குடுதீவு இறுப்பிட்டிக்காரி, ஓய்வுபெற்ற தாதி, மங்கையின் நெடுநாள் தோழி. ஊசி போட்ட காலத்து அதிகாரம் குரலில் இன்னும் குறையவில்லை.

நான்காவது ஆள் நான். என்னைச் சேர்த்தது ஆட அல்ல, விதி எழுத.

"நீங்கள் எங்களுக்கு ஒரு சட்டம் எழுதித் தாங்கோ," என்றார் மங்கை. "இதிலையாவது ஆக்கள் உங்கட சட்டத்தை மதிக்கிறதைப் பாப்பம்."

கொழும்பில் சட்ட வரைஞராக வாழ்நாளைக் கழித்தவனுக்கு இதைவிட வேறென்ன அழைப்பு வேண்டும்? ஆறு விதிகள் வரைந்தேன். கமலி, அன்ரன், மங்கை, நான் என்பது முறை. ஒவ்வொருவருக்கும் பத்து ஆண்டுகள். பென்டிரைவ் கைக்கு வந்து ஒரு கிழமைக்குள் ஆடாதவர் அந்த முறையை இழப்பார். அடுத்தடுத்து இரு முறை இழப்பவரின் பெயர் நிரலிலிருந்து நீக்கப்படும். கடல், காற்று, மின்தடை ஆகியவற்றால் நேரும் தாமதம் கணக்கில் கொள்ளப்படாது. ஆறாவதும் இறுதியுமானது: எல்லா ஆட்டக்காரரும் ஒப்பினாலன்றி இவ்விதிகளில் எதனையும் திருத்த முடியாது.

பாராளுமன்றத்துக்குப் போன சட்டமூலங்களில்கூட நான் இவ்வளவு கவனம் எடுத்ததில்லை.

ஆனால் என்ன பயன்? மனித இயல்பை எந்த வரைஞரால் முற்றாக முன்காண முடியும்? அதுவும் எங்கள் தீவாரின் இயல்பை!

கோயில் திருவிழா பார்த்தவர்களுக்கு விளங்கும். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடும்பத்தின் உபயம். இரண்டாம் திருவிழாக்காரர் நாலு கூட்டம் மேளம் பிடித்தால் மூன்றாம் திருவிழாக்காரர் எட்டுக் கூட்டம் பிடிப்பார். நாலாம் திருவிழாக்காரர் சப்பறத்தின் உயரத்தைக் கூட்டுவார். பத்தாம் நாளைப் பற்றி யார் கவலைப்பட்டார்? அவரவர் நாள் அவரவர் பெருமை. தேவாலயத் திருநாளும் இதற்குச் சற்றும் குறைந்ததல்ல என்று அன்ரன் உரிமையோடு சொல்வார்.

எங்கள் இராச்சியத்தையும் இப்படித்தான் ஆண்டார்கள். கமலி தன் பத்து ஆண்டில் ஒரு பேராலயத்துக்கு அத்திவாரம் போட்டு, பாப்பரசருக்குப் பரிசுக்குமேல் பரிசாக அனுப்பினார். அன்ரன் அதை மிஞ்ச வேண்டுமே — ஊர் ஊராக விருந்து, குதிரைவீரர் போட்டி, முடிவில் ஒரு யுத்தம். மங்கை யுத்தத்திலேயே தொடங்கினார். என் கைக்கு நாடு வந்தபோது அது மிகவும் புகழ்பெற்ற நாடாக இருந்தது. களஞ்சியத்தில் எலிக்குக்கூட நெல் இல்லை.

இதில் நான் இன்றும் நினைத்துச் சிரிக்கும் சங்கதி ஒன்று உண்டு. நெற்றி நிறையத் திருநீறு பூசும் கமலி பாப்பரசரின் செல்லப்பிள்ளை ஆனார். ஞாயிறு பூசை தவறாத அன்ரனைத்தான் பாப்பரசர் திருச்சபையிலிருந்து விலக்கினார்! பாவம், மனிதர் உண்மையிலேயே ஆடிப்போய்விட்டார்.

"பாதரிட்டச் சொன்னனான், சேர்."

"பாதர் என்ன சொன்னவர்?"

"முதல்ல சிரிச்சவர். பிறகு, 'ஆற்ற நாட்டைப் பிடிச்சனீர்?' எண்டு கேட்டவர். சொன்னன். 'பிடிச்சது பிடிச்சீர், துறைமுகத்தையும் சேத்துப் பிடிச்சிருக்கலாமே' எண்டு சொல்லிப்போட்டுப் போறார்!"

கமலி இதை ஒரு கிழமை முழுதும் சொல்லிக் காட்டினார். "அன்ரன், நான் வேணுமெண்டா உமக்காக வத்திக்கானில கதைக்கட்டோ? எனக்கு அங்க செல்வாக்கு இருக்கு."

இப்படிச் சில சுற்றுகள் ஓடின.

மங்கை காலமானதைச் சென்ற வருடம் இந்தப் பத்தியில் ஒரு வரியில் அறிவித்திருந்தேன். அதற்குமேல் எழுதும் எண்ணம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. இன்று எழுத வந்தது விளையாட்டைப் பற்றி.

ஆகவே விளையாட்டுக்கு உரியதை மட்டும் சொல்கிறேன். ஆட்டம் சில மாதங்கள் நின்றிருந்தது. பிறகு அன்ரன் ஒருநாள் மீனோடு பென்டிரைவையும் நீட்டினார். தன் முறையை ஆடி முடித்திருந்தார். அடுத்தது மங்கையின் முறை. நான் பென்டிரைவை மேசையில் வைத்து ஒரு கிழமை காத்திருந்தேன். விதி அப்படி. கிழமை முடிந்ததும் 'முறை இழப்பு' என்று பதிந்துவிட்டு என் முறையை ஆடினேன்.

சுற்று மறுபடி வந்தது. கமலி ஆடிவிட்டார். அன்ரன் ஆடிவிட்டார். இனிப் பென்டிரைவ் எங்கள் வீட்டுக்கு வரவேண்டும். வந்து ஒரு கிழமை கழிந்தால் இரண்டாவது இழப்பு. என் கையாலேயே நிரலிலிருந்து மங்கையின் பெயரை நீக்கவேண்டும்.

நீக்குவதற்கு நான் ஆயத்தமாகவே இருந்தேன். எழுதியவன் மீறலாமா?

அந்த நேரத்தில்தான் கடல் கெட்டுப்போனது.

இரண்டு நாள் கழித்து மீண்டும் அழைத்தேன். "அலை, சேர். ஆள் உயரத்துக்கு!" என்றார் அன்ரன். அவருக்குப் பின்னால் யாரோ கோழிக்குத் தீன் போடும் அமைதியான ஓசை கேட்டது. சந்தேகம் தீரக் கமலியை அழைத்தேன்.

"இஞ்சையும் அப்பிடித்தான் அண்ணை," என்றார் கமலி, கேட்காமலே. "புங்குடுதீவு முழுக்க ஒரே காத்து. என்ர கூரை ஓடு ரெண்டு பறந்திட்டுது."

"இறுப்பிட்டியிலயோ?"

"ஓம் ஓம். இறுப்பிட்டியிலதான்."

"உம்மட வீடு சீமெந்துத் தட்டுக்கூரையெல்லோ, கமலி?"

"அது... மாட்டுக் கொட்டிலின்ர ஓடு," என்றார்.

கமலி மாடு வளர்த்து நான் அறியேன்.

மறுநாள் காலை உடுத்திக்கொண்டு ஊர்காவற்றுறை இறங்குதுறைக்குப் போனேன். கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. படகில் அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், பள்ளிக்கூடத்துக்குப் போகும் ஆசிரியர்கள், வலையால் மூடிய கூடையில் இரண்டு சேவல்கள். எல்லாரும் மிக நிம்மதியாக இருந்தார்கள். சேவல்கள் உட்பட.

"இந்தக் கிழமை படகு ஓடேல்லையாமே?" என்று படகோட்டியிடம் கேட்டேன்.

அவர் என்னை ஏறஇறங்கப் பார்த்தார். "ஆர் ஐயா சொன்னது? ஒரு சவாரியும் நிக்கேல்லை. இப்பிடிக் கடல் வருசத்தில சிலநாள்தான் கிடைக்கும்."

"அன்ரன் சொன்னவர்."

"அன்ரனோ! நேற்றும் என்னோடதானே வந்து மீன் வித்திட்டுப் போனவர்."

எழுவைதீவில் இறங்கி நடந்தேன். அன்ரன் வீட்டு முற்றத்தில் நின்று சேட்டுகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். கொடியில் ஏழெட்டுச் சேட்டுகள். ஒன்றின் கைகூட ஆடவில்லை. என்னைக் கண்டதும் வாயிலிருந்த கிளிப் கீழே விழுந்தது.

"சேர்! இந்தக் கடலுக்கையோ வந்தனீங்கள்?"

"ஓம். உயிர் தப்பினது அருந்தப்பு."

அவரால் அதற்குமேல் முடியவில்லை. ஈரச் சேட்டால் முகத்தை மூடிக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். சத்தம் கேட்டு அவருடைய மனைவி றெஜினா குசினியிலிருந்து வெளியே வந்தார், என்னைக் கண்டார், கணவனின் பக்கம் திரும்பினார்.

"நான் அப்பவே சொன்னனான். சேர் ஒருநாள் படகேறி வந்து நிப்பார், அப்ப என்ன சொல்லப்போறீர் எண்டு. அதுக்கு இவர், 'சேருக்குக் கடல் பயம், வரமாட்டார்' எண்டு. இருங்கோ சேர், கதிரையில இருங்கோ. இவருக்குப் பொய் சொல்லவும் தெரியாது, சொல்லாமல் இருக்கவும் ஏலாது."

நான் கதிரையில் இருந்தேன். அன்ரன் எதிரே குந்தினார். சிரிப்பு மெல்ல அடங்கியது.

"ஏன் அன்ரன்?"

"உங்களுக்குத் தெரியாதே, சேர்?" என்றார். "இந்தப் பென்டிரைவ் உங்கட வாசலை மிதிச்சா மங்கை ரீச்சரின்ர கிழமை தொடங்கும். கிழமை முடிஞ்சா நீங்கள் ரீச்சரின்ர பேரை வெட்டுவியள். வெட்டுவியளோ, இல்லையோ?"

"வெட்டுவன். விதி அப்பிடி."

"தெரியும். அதுதான் கடலைக் குழப்பினனான்."

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அன்ரன் போனை எடுத்துக் கமலியைப் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டு, எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு கவிழ்த்த வாளியின்மேல் வைத்துவிட்டார்.

"அக்கா, சேர் இஞ்ச நிக்கிறார்."

"எங்க?"

"என்ர வீட்டில. படகில வந்தவர்."

"ஐயோ!" என்றது வாளி. உடனே தாதியின் அதிகாரம் திரும்பிவிட்டது. "அண்ணை, அன்ரனை ஏசவேண்டாம். நான்தான் சொல்லிக் குடுத்தனான். கடல், காத்து, கரண்ட் தாமதம் கணக்கில்லை எண்டு நீங்கள்தானே எழுதி வச்சனீங்கள்? சட்டப்படிதான் செய்தனாங்கள்."

"பொய்க் காத்துக்கு அந்த விதி செல்லாது, கமலி."

"பொய்க் காத்தெண்டு விதியில இருக்கோ?"

இல்லை. ஒப்புக்கொள்கிறேன்.

"அப்ப விதியை மாத்துவம்," என்றார் அன்ரன். "நீங்கள் எழுதினது, நீங்கள் அழிக்கலாம்தானே?"

"ஏலாது. ஆறாம் விதி. எல்லா ஆட்டக்காரரும் ஒப்பவேணும்."

"நான் ஓம். அக்கா?"

"நானும் ஓம்."

"எல்லாரும் எண்டால் நாலு பேரும்," என்றேன் நான். "மங்கையும்."

அன்ரன் இதை யோசித்தார். "அப்ப... ரீச்சரின்ர பேரை வெட்டாமல் விடுறதுக்கு ரீச்சர் வந்து ஒப்பம் வைக்கவேணும்?"

"ஓம்."

பிறகு வாளியிலிருந்து ஓர் ஓசை. கமலி அழுகிறார் என்றே முதலில் எண்ணினேன். சிரித்துக்கொண்டிருந்தார். "மங்கை அக்கா மட்டும் இதைக் கேட்டிருக்கவேணும்! 'இந்த மனிசன் எழுதின சட்டம் கடைசியில என்னையே கூப்பிடுது பாத்தியளே' எண்டு விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா."

உண்மை. அப்படியே சொல்லியிருப்பார். சொல்லும் தொனிகூட எனக்குக் கேட்டது. நானும் சிரித்தேன். அன்ரன் எங்களைப் பார்த்து, அனுமதி கிடைத்ததுபோல், தானும் சேர்ந்துகொண்டார்.

சிரித்து முடிந்தபின் கமலி குறுக்கு விசாரணையைத் தொடங்கினார்.

"அண்ணை, எங்கட கோயில்ல மூண்டாம் திருவிழா ஆற்ற உபயம்?"

"உம்மட அப்பாவின்ர."

"அப்பா இருக்கிறாரோ?"

"இல்லை."

"ஆர் செய்யிறது?"

"நீர்."

"நோட்டீசில ஆற்ற பேர் போடுறவை?"

"அவற்ற பேர்."

"உபயகாரர் செத்தால் திருவிழா நிண்டுபோறேல்லை அண்ணை. வீட்டுக்காரர் எடுத்துச் செய்யவேணும். முறை அக்காவின்ர. வீட்டுக்காரர் நீங்கள். இனிச் சொல்லுங்கோ — தன்ர கையாலதான் ஆடவேணும் எண்டு உங்கட சட்டத்தில எங்கையாவது இருக்கோ?"

ஆறு விதிகளையும் மனத்தில் ஓடவிட்டேன். ஒரு முறை அல்ல, இரு முறை. இல்லை. எங்கும் இல்லை. வரைஞனாக என் வாழ்க்கையில் நான் விட்ட ஓட்டைகளில் மிகப் பெரியது இதுதான். அதை அடைக்க எனக்கு விருப்பமும் இல்லை.

"சரி," என்றேன். "வீட்டை கொண்டுபோய் ஆடுறன்."

"அது வேண்டாம்," என்றார் அன்ரன், உறுதியாக. "இஞ்சையே ஆடுங்கோ. நாங்கள் பாக்கவேணும். ரீச்சரின்ர பேரில ஆடுறதெண்டால் ரீச்சரின்ர ஆட்டம் ஆடவேணும். உங்கட ஆட்டம் ஆடக்கூடாது."

"என்ர ஆட்டத்துக்கு என்ன?"

"சேர்... நீங்கள் மதில் கட்டுவியள்."

"மதிலில என்ன பிழை?"

"போன முறை பத்து வருசமும் மதில்தான் கட்டினனீங்கள். கமலி அக்காவும் நானும் உங்களுக்குப் பட்டப் பேர் வச்சிருக்கிறம். சொல்லமாட்டன்."

"மேசன்," என்றது வாளி.

மடிக்கணினி வந்தது. திரை விரிந்தது. முதலில் களஞ்சியத்தைப் பார்ப்போம் என்று கையை நகர்த்தினேன். அன்ரன் 'சேர்!' என்றார். விட்டேன். அடுத்துத் துறைமுகத்தைத் திறந்தேன். அங்கே கப்பல்கள் நின்றன. மங்கை தன் கடைசி முறையில் கட்டுவித்தவை. எதிரே, கடலுக்கு நடுவில் ஒரு தீவுக் கோட்டை. தொடக்கத்திலிருந்தே எங்கள் வணிகக் கப்பல்களைக் கொள்ளையடித்துவரும் கோட்டை. அதற்காகவே அவற்றைக் கட்டினார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பிறகு கமலி ஆண்டார், அன்ரன் ஆண்டார், நான் ஆண்டேன். அந்தக் கப்பல்களை ஒருவரும் தொட்டிருக்கவில்லை.

"ஏத்தட்டோ?" என்று கேட்டேன்.

"ஏத்துங்கோ," என்றார் அன்ரன்.

படையை ஏற்றினேன். பாதியையாவது ஊர்க்காவலுக்கு விட்டுவைப்போம் என்று நினைத்தேன், அன்ரனின் முகத்தைப் பார்த்தேன், முழுவதையும் ஏற்றினேன். அரசர் உட்பட. எழுபது வயது அரசர், பாவம். நடக்கவே சிரமப்படுகிறவர்.

"என்ன நடக்குது? ஆராவது சொல்லுங்கோவன்!" என்று வாளி கத்தியது.

"கரை இறங்கியாச்சு அக்கா. மழை பெய்யுது. வில்லுக்காரர் நனையினம்."

"அண்ணை, மழையில வில்லு வேலை செய்யாது! ஏணி, ஏணி!"

"ஏணி வச்சாச்சு!"

"இடப்பக்கம், சேர், இடப்பக்கம்! ஐயோ, குதிரையை ஏன் மதிலுக்கு விடுறியள்?"

குதிரையை ஏன் மதிலுக்கு விட்டேன் என்று எனக்கே தெரியாது. கை போன போக்கில் போனது. ஏணி ஒன்று சரிந்தது. மற்றதில் எங்கள் ஆட்கள் ஏறினார்கள். வாசற்கதவு உள்ளிருந்து திறந்தது. கிழ அரசர் மழைக்குள் குதிரையை விரட்டிக்கொண்டு முன்னால் பாய்ந்தார். "போ! போ! விடாதை!" என்று யாரோ பெருங்குரலில் கத்தினார்கள்.

றெஜினா அகப்பையோடு ஓடிவந்தார். "என்ன, சேருக்கு என்ன?"

"ஒண்டுமில்லை," என்றார் அன்ரன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "சண்டை பிடிக்கிறார்."

அந்தச் சத்தம் என்னுடையது என்று அறிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

கோட்டை விழுந்தது! அன்ரன் எழுந்து முற்றத்தைச் சுற்றி ஓடினார். கொடியில் கிடந்த சேட்டு ஒன்றை உருவித் தலைக்குமேல் சுழற்றினார். அயல் வீட்டு நாய் குரைத்தது. றெஜினாவுக்கு எதுவும் விளங்காவிட்டாலும் அகப்பையை உயர்த்திக் காட்டினார்.

அப்போது திரையில் ஒரு கடிதம் விரிந்தது. சிவப்பு முத்திரை. அந்தத் தீவுக் கோட்டையின் அரசர் பாப்பரசருக்கு மிகவும் வேண்டியவராம். எங்கள் அரசர் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார்.

அன்ரன் அதை உரத்து வாசித்தார், சொல் சொல்லாக, சுவைத்து.

"அண்ணை!" வாளி அலறியது. "எவ்வளவு காலமாப் பாப்பரசரை நான் எப்பிடிப் பாத்து வச்சிருந்தனான்! ஒரு மத்தியானத்தில எல்லாத்தையும் குழப்பிப் போட்டியளே!"

"நான் என்ன செய்ய, கமலி? முறை மங்கையின்ர."

"அக்கா கூட இப்பிடிச் செய்திருக்கமாட்டா!"

"செய்திருப்பா," என்றார் அன்ரன்.

கமலி சற்று யோசித்தார். "ஓம்," என்றார். "செய்திருப்பா."

மீதமிருந்த ஆண்டுகளையும் அதே வேகத்தில் ஆண்டு முடித்தேன். றெஜினா சோறு போட்டார். நான் இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

திரும்பும் படகில் ஒன்றை எண்ணிப் பார்த்தேன். நான் வரைந்த ஒவ்வொரு சட்டப் பிரிவும் ஒரேயொரு மனிதனை மனத்தில் வைத்து வரையப்பட்டது — தன் நன்மைக்காக விதியை வளைப்பவன். அவனுக்காகத்தான் அத்தனை 'எனினும்', அத்தனை 'அன்றி', அத்தனை உபபிரிவு. இன்னொருவனின் வேதனையைத் தள்ளிப்போடுவதற்காக விதியை வளைப்பவனை எந்தச் சட்டப் புத்தகத்திலும் நான் சந்தித்ததில்லை. அவனுக்கு எதிராக எப்படி ஒரு பிரிவு வரைவது? வரைந்தாலும் யார் ஒப்பமிடுவார்?

ஆக, மங்கையின் பெயர் நிரலில் இருக்கிறது. சுற்று வரும்போதெல்லாம் அவருடைய முறையை நானே எடுத்துச் செய்வதென்றும் அதை எழுவைதீவில் மட்டுமே செய்வதென்றும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டுள்ளது. விதி எதுவும் திருத்தப்படவில்லை.

பென்டிரைவ் இப்போது என் மேசையில். கப்பல்களில் பாதி எரிந்துவிட்டது. களஞ்சியம் காலி. அரசருக்குச் சளிக்காய்ச்சல். பாப்பரசர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிடித்த கோட்டைக்குக் காவல் வைக்க ஆளில்லை. நிரலின்படி அடுத்த முறை என்னுடையது.

மங்கை கலைத்துவிட்டுப் போவதை அடுக்கிவைப்பது எனக்குப் புதிய வேலையா, என்ன?